தரகர் மேல் புகார், ஆடிட்டர் மேல் புகார்: எந்தக் கதவைத் தட்டுவது, எப்படி எழுதுவது

பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில், விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் பல வருஷம் இருந்தேன். வாடிக்கையாளர் புகார் வந்தால் அதைப் படித்து, லெட்ஜரோடு (வாடிக்கையாளரின் வரவு செலவுக் கணக்கேடு) ஒத்துப் பார்த்து, பதில் எழுதுவதுதான் வேலை. நீங்கள் எழுதப் போகும் புகாரை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில புகார்களைப் பார்த்ததும் மேலாளர், ‘பணத்தைக் குடுத்து முடிச்சுடும்மா’ என்பார். சிலவற்றுக்கு, ‘ரெண்டு வரி பதில் போட்டு அனுப்பு’ என்பார். தேதி, தொகை, ஆவணம் மூன்றும் ஒரே வரியில் இருக்கும் புகார் முதல் வகையில் விழும். ‘என்னை நம்பவைத்து மோசம் செய்துவிட்டார்கள்’ என்று நாலு பக்கம் ஓடும் புகார் இரண்டாவதில் விழும். அந்த நாலு பக்கத்திலும் உண்மைதான் இருந்திருக்கும். ஆனால் பிடித்து இழுக்க ஒரு நுனி இருக்காது.

முதலில் கதவைச் சரியாகப் பிடியுங்கள்

சந்தையில் பணம் போன எல்லாரும் ‘செபிக்கு எழுதறேன்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். செபி என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு. செபிக்குப் போகக் கூடாத புகார்களும் அதில் நிறைய.

தரகர், அவருக்குக் கீழே ஊர் ஊராக ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆத்தரைஸ்டு பெர்சன், உங்கள் டிமேட் கணக்கை (மின்னணுப் பங்குக் கணக்கு) வைத்திருக்கும் டிபி ஆகியோர் செபியின் வட்டத்துக்குள் வருவார்கள். இவர்களை அன்றாடம் கண்காணிப்பது என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற எக்ஸ்சேஞ்சுகளும், என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் ஆகிய, பங்குகளை மின்னணு வடிவில் காக்கும் டெபாசிட்டரிகளும். செபி அவற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது.

ஆடிட்டர் கதை வேறு. ஆடிட்டரின் ஒழுங்கை விசாரிப்பது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த, பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான ஐசிஏஐ. பெரிய நிறுவனங்களின் ஆடிட்டர்களுக்கு, கம்பெனிகள் சட்டம் 132-ஆவது பிரிவின் கீழ் 2018 அக்டோபர் 1 அன்று அமைக்கப்பட்ட, ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் ஆணையமான என்எஃப்ஆர்ஏ. பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களும் இதில் அடங்கும். பட்டியலிடப்படாத பப்ளிக் கம்பெனி என்றால், செலுத்தப்பட்ட மூலதனம் 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது கடனும் டெபாசிட்டும் சேர்த்து 500 கோடி என்ற அளவை எட்டியிருக்க வேண்டும். வங்கி, காப்பீட்டு நிறுவனங்களும் உண்டு. என்எஃப்ஆர்ஏ ஒரு விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டால், அதே விஷயத்தில் ஐசிஏஐ தனியாக நடவடிக்கை தொடங்கவோ தொடரவோ முடியாது.

கதவு மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரமே போதும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆடிட்டர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களை இரண்டு வருஷம் ஆடிட் செய்யக் கூடாது என்று 2018 ஜனவரியில் செபி அதற்குத் தடை போட்டது. 2019 செப்டம்பரில், செபி உத்தரவுகள் மேலான மேல்முறையீட்டைக் கேட்கும் எஸ்ஏடி தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது. வாங்கிய கட்டணமான சுமார் 13 கோடியைத் திருப்பிக் கட்டும் உத்தரவு மட்டும் மிஞ்சியது. செபிக்கே இந்த நிலை என்றால், ‘ஆடிட்டர் சரியாகப் பார்க்கவில்லை’ என்று செபியின் இணையப் புகார் தளமான ஸ்கோர்ஸில் நாம் போடும் புகார் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டெலிகிராமில் டிப்ஸ் தருகிறேன் என்று பணம் வாங்கியவர், போலி ஆப்பில் லாபம் காட்டியவர் போன்ற பதிவே இல்லாத ஆசாமிகளுக்கு இரண்டு கதவும் இல்லை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த வேண்டும். செபிக்குக் கடிதம் எழுதுவதைப் பிறகு பார்க்கலாம்.

காகிதங்களை எதிரெதிராக வையுங்கள்

தரகர் பற்றிய புகாரில் பாதி வேலை இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான்கு இடத்திலிருந்து காகிதம் எடுக்க வேண்டும். ஒன்று, நடந்த வர்த்தகத்துக்குத் தரகர் தரும் ரசீதான கான்ட்ராக்ட் நோட். வர்த்தகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும். இரண்டு, தரகரின் லெட்ஜர். மூன்று, எக்ஸ்சேஞ்ச் உங்களுக்கு நேரடியாக அனுப்பும் எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும். அன்று உங்கள் பேன் எண்ணில் நடந்த வர்த்தகம் அதில் வரும். உங்கள் பணமும் பங்கும் எவ்வளவு இருப்பதாகத் தரகர் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லியிருக்கிறார் என்பதும் அவ்வப்போது வரும். நான்கு, டெபாசிட்டரி அனுப்பும் சிஏஎஸ் என்ற ஒருங்கிணைந்த அறிக்கை.

முதல் இரண்டும் தரகர் கையால் ஆனவை. அடுத்த இரண்டில் தரகர் கை வைக்க முடியாது, அல்லது வைத்தால் எக்ஸ்சேஞ்சிடம் பொய் சொன்னவர் ஆவார். அதனால் முதல் இரண்டையும் பின் இரண்டோடு ஒப்பிடுங்கள். தரகரின் ஆப்பில் 300 பங்கு காட்டுகிறது, சிஏஎஸ்ஸில் 200 இருக்கிறது என்றால் அந்த 100 பங்குதான் உங்கள் புகார். அடமானமாகப் போயிருந்தால் அதுவும் சிஏஎஸ்ஸிலேயே தெரியும். நான் அங்கே இருந்தபோது, சிஏஎஸ்ஸை இணைத்து அனுப்பிய புகார்களை யாரும் தூக்கிப் போட்டதில்லை. லெட்ஜரை மட்டும் இணைத்தவர்களுக்கு, லெட்ஜரையே கொஞ்சம் விரித்து ‘விளக்கம்’ என்று திருப்பி அனுப்புவோம்.

சிஏஎஸ் வருவதே இல்லை, எஸ்எம்எஸ்ஸும் இல்லை என்றால் அதுவே தகவல். தூரத்துச் சம்பந்தி ஒருவர் கூப்பிட்டார். ‘எனக்கு எக்ஸ்சேஞ்சிலேர்ந்து ஒண்ணுமே வர்றதில்லையேம்மா, நான் பெரிய ஆளு இல்லையோ என்னவோ’ என்றார். கணக்குத் தொடங்கும்போது அடையாள விவரம் எழுதித் தரும் கேஒய்சி படிவத்தின் நகலை வாங்கிப் பார்க்கச் சொன்னேன். செல்பேசி எண் என்ற கட்டத்தில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்த ஆளின் எண். மின்னஞ்சலும் அவனுடையதே. எச்சரிக்கையெல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, திருடுகிறவனுக்கு. ‘மாமா, மத்ததெல்லாம் அப்புறம். இன்னிக்கே நம்பரை மாத்துங்க’ என்று சொன்னேன். உங்கள் புகாரையும் இந்தச் சோதனையிலிருந்தே தொடங்குங்கள். எண் உங்களுடையதாக இல்லாவிட்டால், அதுவே புகாரின் முதல் பத்தி.

இன்னொன்று: பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று வங்கி அறிக்கையில் பாருங்கள். ஆத்தரைஸ்டு பெர்சன் தன் பெயரில் வாடிக்கையாளர் பணத்தை வாங்கவே கூடாது. அவருடைய சொந்தக் கணக்குக்கோ, ‘மாசம் ரெண்டு பர்சென்ட் உறுதி’ என்ற பேச்சின் பேரில் தரகருக்கே கடனாகவோ கொடுத்திருந்தால், சந்தையின் பாதுகாப்பு வலைக்கு வெளியே நீங்களே நடந்து போய்விட்டதாகத்தான் எக்ஸ்சேஞ்ச் சொல்லும். கேட்கக் கசப்பாக இருக்கும். இருந்தாலும் புகார் எழுதுமுன் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தொகையையும் முறையாகத் தரகர் கணக்கில் கட்டிய தொகையையும் ஒரே கூட்டலில் போட்டுவிட்டால், நியாயமான பகுதியும் சேர்ந்து அடிபடும்.

இனி பணம் அனுப்புகிறவர்களுக்கு: செபி பதிவு பெற்ற தரகர்களுக்கு, சரிபார்க்கப்பட்ட யுபிஐ முகவரி 2025 அக்டோபர் முதல் வந்திருக்கிறது. ‘செபி செக்’ என்ற கருவியில் யுபிஐ முகவரியையோ வங்கிக் கணக்கையோ போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.

கேட்காத வர்த்தகம்

எங்களிடம் வந்த புகார்களில் இதுதான் ராஜா. ‘நான் சொல்லாமலே டீலர் (தரகர் அலுவலகத்தில் ஆர்டர் போடும் ஆள்) வாங்கி விற்றார்.’ பெரும்பாலும் ஆப்ஷன்ஸ் என்ற ஒப்பந்த வர்த்தகத்தில். தரகுக் கட்டணம் மட்டும் மூலதனத்தில் பாதியைத் தின்றிருக்கும்.

இங்கே உங்களுக்கு ஒரு வலுவான ஆயுதம் உண்டு. 2018 மார்ச் 22 தேதியிட்ட செபி சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. அதன்படி வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததற்கான சான்று தரகரிடம் இருக்க வேண்டும்: கையெழுத்திட்ட தாள், தொலைபேசிப் பதிவு, மின்னஞ்சல், இணைய லாக், எஸ்எம்எஸ், இவற்றில் ஏதாவது ஒன்று. தகராறு வந்தால் நிரூபிக்கும் பொறுப்பு தரகர் மேல். ஆகவே ‘நான் சொல்லவில்லை’ என்பதை நிரூபிக்க நீங்கள் போராட வேண்டியதில்லை. இந்தத் தேதி, இந்த வர்த்தகம், இதற்கான ஆர்டர் பதிவைக் கொடுங்கள் என்று கேட்டால் போதும். ‘பதிவு கிடைக்கவில்லை’ என்று எழுத்தில் பதில் வந்தால், அந்தப் பதிலை நீங்கள் செலவழித்து வாங்க முடியாது.

இதற்கு எதிராகத் தரகர் எடுக்கும் வாதமும் எனக்கு மனப்பாடம். ‘கான்ட்ராக்ட் நோட், எஸ்எம்எஸ், மாதாந்திர அறிக்கை அனைத்தும் உரிய நேரத்தில் அனுப்பப்பட்டன, வாடிக்கையாளர் அப்போது ஆட்சேபிக்கவில்லை, லாபம் வந்தபோது ஏற்றுக்கொண்டு, நஷ்டம் வந்தபின் புகார் செய்கிறார்.’ தகராறைத் தீர்க்கும் நடுவர்களிடம் இது எடுபடும். அதனால் முதல் வர்த்தகத்தைப் பார்த்த அன்றே ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். கோபப்பட வேண்டாம், ‘இந்த வர்த்தகத்துக்கு நான் ஆர்டர் தரவில்லை’ என்பது மட்டும் போதும். டீலரிடம் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ‘சார் கவலைப்படாதீங்க, அடுத்த வாரம் ரெக்கவர் பண்ணித் தரேன்’ என்று அவர் அனுப்பிய செய்தி, அவரே ஓட்டினார் என்பதற்குச் சாட்சி.

புகாரின் உடல்

நீளம் ஒரு பக்கம். இணைப்புகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். நான் சொந்தக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் வடிவம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘என் வாடிக்கையாளர் குறியீடு இது, பேன் இது. 12.06.2025 அன்று என் கணக்கில் இந்த ஆப்ஷன் 10 லாட் வாங்கப்பட்டு அன்றே விற்கப்பட்டது. நஷ்டம் ரூ. 41,250, கட்டணங்கள் ரூ. 1,860 (இணைப்பு 1: கான்ட்ராக்ட் நோட்). இதற்கு நான் ஆர்டர் தரவில்லை. அன்று மாலையே மின்னஞ்சலில் தெரிவித்தேன் (இணைப்பு 2). ஆர்டர் சான்று கேட்டேன்; 20.06.2025 பதிலில் அது தரப்படவில்லை (இணைப்பு 3). ரூ. 43,110-ஐ என் கணக்கில் திருப்பி வரவு வைக்கக் கேட்கிறேன்.’

அவ்வளவுதான். எண்களும் தேதிகளும் உதாரணத்துக்கு. கடைசி வரியைக் கவனியுங்கள்: கேட்பது என்ன என்று ரூபாயில் இருக்கிறது. ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடித்தால், தக்க நடவடிக்கை எது என்பதைத் தரகரே தீர்மானித்துவிடுவார். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்றும் சேர்க்காதீர்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த வரியைப் படித்ததும் எல்லாருக்கும் மூச்சு வரும். பேச்சை அதன் பக்கம் திருப்பிவிடலாம்.

படிகள், கெடுக்கள்

முதல் படி தரகரின் குறைதீர்ப்பு மின்னஞ்சல். கான்ட்ராக்ட் நோட்டிலேயே அச்சிட்டிருக்கும். கிளை மேலாளருக்கு மட்டும் அனுப்பினால் அது புகார் பதிவேட்டில் ஏறாது. தொலைபேசியில் சொன்னதும் ஏறாது.

திருப்தியில்லை என்றால் எக்ஸ்சேஞ்சில் பதியலாம், அல்லது செபியின் ஸ்கோர்ஸுக்கு வரலாம். ஸ்கோர்ஸ் 2011-இல் தொடங்கியது; 2024 ஏப்ரலில் இருந்து புதிய வடிவம். பேன் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் புகார் வந்தாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் எங்களுக்கு மிகப் பிடித்த வாடிக்கையாளர்கள். புகார் நேராகத் தரகருக்குப் போகும், அவர் 21 நாட்காட்டி நாட்களுக்குள் பதில் தர வேண்டும். செபி உடனே விசாரிக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். முதல் பதில் எழுதுவது என்னைப் போன்ற ஒருத்திதான்.

பதில் பிடிக்கவில்லை என்றால் 15 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அப்போது எக்ஸ்சேஞ்ச் பார்க்கும். அதிலும் ஒப்பவில்லை என்றால் இன்னொரு 15 நாட்களுக்குள் இரண்டாவது மறுபரிசீலனை. அங்கேதான் செபி உள்ளே வருகிறது. நிறையப் பேர் முதல் பதிலிலேயே சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். தரகர்களுக்கு இது தெரியும். முதல் பதில் மழுப்பலாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. மறுபரிசீலனை கேட்கும்போது பழைய கதையைத் திரும்ப எழுத வேண்டாம். தரகரின் பதிலில் எந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பதை மட்டும் சுட்டுங்கள்: ‘ஆர்டர் பதிவு கேட்டிருந்தேன். பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.’

ஸ்கோர்ஸ் ஒரு நீதிமன்றம் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் உண்மை பற்றியே அடித்துக்கொண்டால், அதற்கான இடம் 2023-இல் வந்த ஸ்மார்ட் ஓடிஆர் தளம். அங்கே முதலில் சமரசம், 21 நாள். முடியாவிட்டால் நடுவர் விசாரணை. எல்லாம் இணையத்தில் நடக்கும். ஸ்கோர்ஸ் புகார் நிலுவையில் இருக்கும்போதே இங்கே வந்தால், ஸ்கோர்ஸ் புகார் முடிந்ததாகக் கருதப்படும். ஆகவே சொந்த அவசரத்தில் இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். நடுவர் தீர்ப்பு வந்தபின் நீதிமன்றத்துக்குப் போவது 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு வழியாக மட்டும். அங்கே கணக்கை மறுபடி பார்க்க மாட்டார்கள். அதனால் நடுவர் முன் வைக்காத காகிதம் வைக்காததுதான்.

சந்தேகம் கேட்க 1800 266 7575 என்ற செபியின் கட்டணமில்லா எண் இருக்கிறது. புகாரின் நிலையையும் கேட்கலாம்.

தரகரே கவிழ்ந்தால்

மேலே சொன்னதெல்லாம் தரகர் நிற்கும் வரைக்கும். கார்வி என்ற தரகு நிறுவனத்தின் விவகாரம் நினைவிருக்கும். வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பவர் ஆஃப் அட்டர்னியைக் கொண்டு அவர்களின் பங்குகளைத் தன் கணக்குக்கு இழுத்து, அதை வங்கிகளில் அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். 95,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் சுமார் 2,300 கோடி ரூபாய்ப் பங்குகள். செபியின் இடைக்கால உத்தரவு 2019 நவம்பர் 22. ஒரு வருஷம் கழித்து என்எஸ்இ அதைக் கடன் தவறியவராக அறிவித்தது. 2023 ஏப்ரலில் இறுதி உத்தரவு வந்தது: 7 வருஷத் தடை, நிறுவனத்துக்கும் அதன் தலைவருக்கும் சேர்த்து 21 கோடி அபராதம்.

அதற்குப் பிறகு விதிகள் நிஜமாகவே மாறின. 2020 செப்டம்பர் முதல், மார்ஜினுக்கு (வர்த்தகத்துக்கான பிணையம்) பங்கு கொடுத்தாலும் அது உங்கள் டிமேட்டிலேயே அடமானக் குறியோடு இருக்கும். ஓடிபி இல்லாமல் நகராது. 2022 நவம்பர் முதல் பழைய பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதில் டிடிபிஐ என்ற குறுகிய அதிகாரப் பத்திரம். அடுத்து, வாங்கிய பங்கு தரகர் கணக்கில் இறங்காமல் நேராக உங்கள் டிமேட்டுக்கு வரும் முறையும் வந்துவிட்டது. 2022-க்கு முன் கணக்குத் தொடங்கியவர்கள் பழைய பவர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு, வேண்டாம் என்றால் எழுத்தில் ரத்து செய்யுங்கள். அதை எந்தத் தரகரும் மறுக்க முடியாது.

எக்ஸ்சேஞ்ச் தரகரைக் கடன் தவறியவராக அறிவித்தால், முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கோரிக்கை போட வேண்டும். ஆளுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள், லெட்ஜர், வங்கி அறிக்கை, கான்ட்ராக்ட் நோட் நகல்களோடு. உறுதி வட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு இந்த நிதி வாய் திறக்காது. தரகர் ஆப் மூடப்பட்டபின் அந்த லெட்ஜரை எங்கே தேடுவது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடிஎஃப் இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்காகத்தான்.

ஒரு தரகரிடம் சேருமுன், அல்லது சந்தேகம் வந்தபின், செபி இணையதளத்தின் அமலாக்கப் பகுதியில் அவர் பெயரைத் தேடுங்கள். பெரிய தரகர் என்றால் ஏதாவது ஒரு உத்தரவு கட்டாயம் வரும்; பயந்துவிட வேண்டாம். அறிக்கை தாமதமாக அனுப்பியதற்கு இரண்டு லட்சம் அபராதம் வேறு, வாடிக்கையாளர் பணத்தில் கை வைத்தது வேறு. இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். 2016 செப்டம்பர் சுற்றறிக்கையில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஏ என்பது வாடிக்கையாளர் வங்கிக் கணக்குகளில் உள்ள மொத்தப் பணம். பி என்பது வர்த்தகங்களைத் தீர்த்து வைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனில் வைத்திருக்கும் பிணையம். சி என்பது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தரகர் தர வேண்டிய வரவு இருப்பு. ஏ, பி இரண்டின் கூட்டலிலிருந்து சியைக் கழித்தால் ஜி. இந்த ஜி மைனஸில் போனால், ஒருவர் பணத்தை எடுத்து வேறு எதற்கோ பயன்படுத்தியிருக்கிறார்கள். உத்தரவில் ஜி மதிப்பு எத்தனை தேதிகளில், எத்தனை கோடி மைனஸ் என்று அட்டவணை இருக்கும். அதைப் படித்தால் போதும், மீதி ஐம்பது பக்கத்தைத் தாண்டலாம். உத்தரவு இடைக்காலமா இறுதியா, எஸ்ஏடியில் மேல்முறையீடு நிலுவையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் பக்கம்

இங்கே பணம் திரும்பி வரும் வழி அநேகமாக இல்லை. ஆடிட்டர் மேல் புகார் கொடுப்பது உங்கள் நஷ்டத்தை ஈடுகட்டாது. அந்தக் கையெழுத்து இன்னொரு கம்பெனியில் விழாமல் தடுக்கும். அதற்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஈடு கேட்க வேண்டுமென்றால் கம்பெனிகள் சட்டம் 245-ஆவது பிரிவின் கீழ், கம்பெனி வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயமான என்சிஎல்டியில் பங்குதாரர்கள் கூட்டாக வழக்குப் போடலாம், ஆடிட்டர் மேலும். ஆனால் 100 பேரோ சட்டம் சொல்லும் பங்கு விகிதமோ சேர வேண்டும்.

ஆடிட் அறிக்கையின் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். கையெழுத்து, உறுப்பினர் எண், நிறுவனப் பதிவு எண், அதன் கீழே அந்த அறிக்கைக்கென்றே தரப்படும் 18 இலக்க அடையாள எண்ணான யுடின். 2019 ஜூலை முதல் எல்லா ஆடிட் அறிக்கைக்கும் இது கட்டாயம். முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த ஆறு உறுப்பினர் எண். ஐசிஏஐயின் யுடின் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். எண் பொருந்தவில்லை என்றால் அது போலி ஆவணமாக இருக்கலாம். அப்போது கேள்வியே மாறிவிடும்.

பிறகு முதல் பக்கம்: தடையில்லாத கருத்தா, நிபந்தனையோடா, எதிர்மறையா, கருத்துச் சொல்ல மறுப்பா. அதையும் விட எனக்குச் சுவாரசியமானது இணைப்பாக வரும் கேரோ 2020, அதாவது ஆடிட்டர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளின் பட்டியல். மோசடி ஏதும் நடந்ததா, முந்தைய ஆடிட்டர் ராஜினாமா செய்திருந்தால் அவர் எழுப்பிய ஆட்சேபங்களைப் பார்த்தீர்களா என்று அங்கே நேராகவே கேட்டிருக்கும். பதவிக்காலம் நடுவில் ஆடிட்டர் விலகினால், அவருடைய கடிதம் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் ஏறும். ‘சொந்தக் காரணங்களால்’ என்று மட்டும் இருந்தால் நான் அந்தப் பங்கை இன்னொரு தடவை யோசிப்பேன். விலகிவிட்டால் பொறுப்பும் போய்விடும் என்பதும் இல்லை. ஐஎல்&எஃப்எஸ் என்ற நிதி நிறுவனத்தின் வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: மோசடிக்கு உடந்தையான ஆடிட்டர் மேல் கம்பெனிகள் சட்டம் 140(5) பிரிவின் கீழ் எடுக்கும் நடவடிக்கை ராஜினாமாவோடு முடிந்துவிடாது.

புகாரில் ‘ஆடிட்டர் உடந்தை’ என்று எழுதாதீர்கள். அதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. ஆடிட்டர் செய்ய வேண்டிய எந்த வேலையைச் செய்யவில்லை என்று தணிக்கைத் தரநிலையின் எண்ணோடு சொல்லுங்கள். மோசடி அபாயத்துக்கு எஸ்ஏ 240 (எஸ்ஏ என்பது தணிக்கைத் தரநிலை). வங்கியிடமும் கடன்காரரிடமும் நேரடியாக உறுதிக்கடிதம் வாங்குவதற்கு எஸ்ஏ 505. சத்யத்தில் ஆடிட்டர் கோட்டைவிட்டது இங்கேதான், உறுதிக்கடிதம் வாங்கும் வேலையைக் கம்பெனி கையிலேயே விட்டிருந்தார்கள். இதே காரணத்துக்காக 2011-இல் அமெரிக்காவில் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசியும் ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் பிசிஏஓபியும் சேர்த்து 75 லட்சம் டாலர் அபராதம் போட்டன. தொடர்புடைய தரப்பினரோடு நடந்த பரிவர்த்தனைக்கு எஸ்ஏ 550. கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பதற்கு எஸ்ஏ 570. ‘குறிப்பு 38-இல் நிறுவனரின் தனி நிறுவனத்துக்கு இத்தனை கோடி முன்பணம் காட்டப்பட்டிருக்கிறது, வட்டியும் இல்லை, காரணமும் இல்லை, ஆடிட் அறிக்கையில் இது பற்றி ஒரு வரியும் இல்லை’ என்ற அளவில் எழுதினால், படிக்கிறவர் ஆடிட் கோப்பில் எந்த ஒர்க்கிங் பேப்பரை (ஆடிட்டர் தன் சோதனையை எழுதி வைத்த தாள்) கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

ஐசிஏஐக்கு என்றால் படிவம் 1, கட்டணம் 2,500 ரூபாய், சான்றுகளோடு. பெயரில்லாப் புகார் அங்கே நகராது. ஏழு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால், சான்று திரட்ட முடியாது என்ற காரணத்தில் தள்ளிவிட இடமுண்டு. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள குற்றம் ஐசிஏஐயின் ஒழுங்கு வாரியத்துக்கும், கனமான இரண்டாம் அட்டவணைக் குற்றம் ஒழுங்குக் குழுவுக்கும் போகும். வருஷக்கணக்கில் இழுக்கும், நீங்களும் சாட்சியாகக் கூப்பிடப்படலாம்.

என்எஃப்ஆர்ஏவுக்கு எழுதுவது தகவல் கொடுப்பது போலத்தான். எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர்கள் கையில். எடுத்தால் கடிக்கும்: தனிநபருக்குக் குறைந்தது 1 லட்சம், வாங்கிய கட்டணத்தைப் போல் 5 மடங்கு வரை, நிறுவனத்துக்கு 10 மடங்கு வரை, ஆறு மாதத்திலிருந்து பத்து வருஷம் வரை ஆடிட் செய்யத் தடை. காபிக்கடை நிறுவனமான காஃபி டேயின் விவகாரத்தில் இரண்டு கதவும் வேலை செய்ததைப் பார்க்கலாம். துணை நிறுவனங்களிலிருந்து 3,535 கோடி ரூபாய் நிறுவனரின் குடும்ப நிறுவனத்துக்குப் போனதற்காக 2023 ஜனவரியில் செபி கம்பெனி மேல் 26 கோடி அபராதம் விதித்தது. அதே வருஷம் என்எஃப்ஆர்ஏ ஆடிட்டர்களைத் தனியாகப் பிடித்தது. இப்படி ஒரு விவகாரத்தில் புகார் எழுதுவதென்றால் இரண்டு கடிதம் எழுதுங்கள். கம்பெனி மறைத்தது ஒன்றில், ஆடிட்டர் பார்க்காதது மற்றொன்றில்.

கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் செய்ய ஒரு வேலை உண்டு. கம்பெனிகள் சட்டம் 146-ஆவது பிரிவின்படி ஆடிட்டர் பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும். ஒரு பங்கு வைத்திருந்தாலும் பேச்சாளராகப் பதிவு செய்து கேள்வி கேட்கலாம். இப்போது பல கூட்டங்கள் காணொளியில் நடப்பதால் பயணமும் இல்லை. கேள்வியைப் பதிவு செய்யும்போதே குறிப்பு எண்ணோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தலைவர் ‘அப்புறம் எழுத்தில் பதில் தருவோம்’ என்று நழுவினால், கம்பெனி செயலருக்கு அடுத்த வாரமே நினைவூட்டல் போடுங்கள். அந்தப் பதில் வந்தாலும் வராவிட்டாலும், புகாரோடு சேர்க்க உங்களுக்கு இன்னொரு இணைப்பு கிடைத்துவிட்டது.